சித்தப்பா தலையில் சந்தன வாசம்

நம் வயதுக்காரர்கள் யாராவது சமீபத்தில் ஆண்கள் தலைக்குப் பூசுகிற சாமான் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? போகாமல் இருந்தால் நல்லது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். நான் போனேன். போய் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். போட்டோ எடுக்கிற பையன், மாப்பிள்ளைக்குக் கிளாசிக் லுக் வேண்டும், அதற்குத் தகுந்த சாமானை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். புடவை எடுக்க வேலூருக்குப் போன அன்றே அதையும் முடித்துவிடலாம் என்று மகன் என்னை ஒரு கடைக்குள் அழைத்துப் போனான். ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். ஜெல் என்று ஒன்று, வேக்ஸ் என்று ஒன்று, கிளே என்று ஒன்று, பொமேட் என்று ஒன்று. கிளே என்றால் என்னப்பா என்று கேட்டேன். களிமண்ணும்மா என்றான் கடைப் பையன், கொஞ்சமும் சிரிக்காமல். நாம் சிறு வயதில் ஏரிக்கரையில் புரண்டு தலையெல்லாம் களிமண்ணோடு வந்தால் விளக்குமாறு எடுத்தார்களே, அந்தக் களிமண்தான்.

பையன் விவரம் தெரிந்தவன். "ஜெல் போட்டா காஞ்சி முடி குச்சியாட்டம் நின்னுரும்மா. கிளே போட்டா பளபளப்பே இருக்காது. கிளாசிக் லுக்குக்கு பொமேட்தான். சைடுல படியும், முன்னால தூக்கி விட்டா அப்படியே நிக்கும்" என்றான். போனில் ஒரு படம் காட்டினான். இடப்பக்கம் எடுத்த வகிடு. காதுக்கு மேலே படிய வாரிய முடி. நெற்றிக்கு மேலே மட்டும் மெல்லத் தூக்கி, பின்னால் வளைத்து விட்டது.

அது என் சித்தப்பாவின் தலை. அச்சு அசல் அதேதான். எங்கள் வீட்டில் அதற்கு மைனர் கிராப்பு என்று பெயர். அதைப் பார்த்துக் காறித் துப்பினவர்கள் இருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பேன். பையன் ஒரு வட்டமான டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினான். "சாண்டல்வுட்டும்மா. இதான் ஒசத்தி. தேன்மெழுகு, வெளக்கெண்ண, சந்தனம். எல்லாமே இயற்கை."

"மூடு அத" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் பயந்துபோய், "வாணாமாம்மா? வேற பாக்கலாமா?" என்றான்.

"இதேதான் வேணும். எடு" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரிந்திருக்காது. இங்கே உங்களிடம் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் சந்தவாசலுக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவில். நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. மழை நின்று, அறுவடை முடிந்து, காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற காலம். வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பியென்றாலும் சித்தப்பாவை அப்பாதான் வளர்த்தார். பக்கத்துத் தெருவில் அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை. தினம் ஒருமுறையாவது வந்து எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள்.

சித்தப்பா ஆரணி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே நிற்பது கிடையாது. படியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, தலையை வெளியே நீட்டியபடியே வருவார். செம்மண் ரோடு. ஆரணி போய்ச் சேர்வதற்குள் முடி பறட்டையாகி, புருவத்தில் தூசி படிந்துவிடும். மற்ற கண்டக்டர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சித்தப்பாவுக்குக் கவலை இருந்தது. காரணம், அந்த பஸ்ஸில் ஒரு பெண் ஆரணிக்குத் தையல் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாள். சந்தவாசல் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் ஏறுவாள். எங்கே போக வேண்டும் என்று அவளை மட்டும் சித்தப்பா கேட்பதில்லை, டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் பஸ்ஸில் போவேன், அதனால் எனக்குத் தெரியும். அவள் டிக்கெட்டை வாங்கி, சித்தப்பாவின் தலையைப் பார்த்து, வாயை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புக்காக மனிதர் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் தேங்காய் எண்ணெய். தூசி அதில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் தலை செங்கல் நிறமாகிவிடும், தலையணை உறையைத் துவைத்து அம்மாவுக்குக் கை ஓயும். அப்புறம் சோப்பை நுரைத்துப் பூசிச் சீவிக்கொண்டார். காய்ந்து நன்றாகத்தான் நின்றது. வியர்த்ததும் கண்ணில் இறங்கி, யாருக்கு எவ்வளவு சில்லறை கொடுத்தோம் என்று தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். ஒருநாள் சட்டைக்குப் போட வைத்திருந்த கஞ்சியை எடுத்துத் தடவிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு பஸ்ஸில் இருந்த ஈயெல்லாம் டிக்கெட் வாங்காமல் அவரோடு பிரயாணம் செய்தது. இப்போது ஒரு சுவர் முழுக்க டப்பாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு எது வேண்டும் என்கிறார்களே, அந்த மனிதர் சமையலறையிலும் குளிக்கிற இடத்திலும் கிடைத்ததை வைத்து அதே லுக்குக்குத்தான் அலைந்தார்.

கடைசியாக ஆரணியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளைக் கிரீம் வாங்கி வந்தார். மூடி சிவப்பு. மல்லிகைப் பூவும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் திருட்டுத்தனமாகத் திறந்து மோந்து பார்த்திருக்கிறேன். முடி படிந்தது, நின்றது, எல்லாம் சரியாக இருந்தது. பெரியத்தை ஒருநாள் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"ஆம்பள தலைக்கு எண்ணெ வெக்காம இதக் குழச்சிப் பூசிக்கினா அவன் குடும்பம் நடத்துற ஜாதியா? ஊர்ல எவளுக்கோ சோக்கு காட்டறான்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா எழுந்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உடைத்தார். கண்ணாடிச் சில்லு எருமையின் காலில் ஏறியது. அந்தப் புண்ணுக்கு அம்மாதான் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

மார்கழியில் நம் பக்கத்துப் பெண்கள் குதிகாலெல்லாம் வெடித்து நடக்க முடியாமல் போவது உங்களுக்குத் தெரியும். அம்மா அதற்கு ஒரு மெழுகு காய்ச்சுவாள். மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற கிழவியிடம் தேனைப் பிழிந்த அடையைக் கேட்டு வாங்கி, கொதிநீரில் உருக்கி, மேலே மிதக்கிற மெழுகை எடுப்பாள். அதை விளக்கெண்ணெயோடு சேர்த்துச் சின்னத் தீயில் கரைத்து, பழைய பல்பொடி டப்பாவில் ஊற்றி வைப்பாள். ஆறினால் மஞ்சளாக, விரல் பட்டால் மட்டும் இளகுகிற மாதிரி இருக்கும். ராத்திரி குதிகாலில் தடவிக்கொண்டு படுத்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும்.

கிரீம் பாட்டில் உடைந்த மறுநாள் காலை, வேறு எதுவும் கிடைக்காமல், சித்தப்பா அந்த டப்பாவில் விரலை விட்டுத் தலையில் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்தபோது அம்மா அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். காலையில் சீவினபடியே இருந்தது தலை. ஒரு முடி கலையவில்லை.

"இன்னா பூசினு போன?" என்றாள் அம்மா.

"உங்க கால் மெழுகுதான் அண்ணி."

"அடப்பாவி, காலுக்குப் பூசறதையா தலைக்குப் பூசிக்கின?" என்று அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அம்மா அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அதற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்கவும் இல்லை.

காலுக்குக் காய்ச்சுகிற பதம் தலைக்குக் கெட்டி, சீப்பு இழுபடுகிறது என்று அம்மாவே சொன்னாள். அடுத்த முறை விளக்கெண்ணெய் கூட ஊற்றி இளக்கமாகக் காய்ச்சிக் கொடுத்தாள். விளக்கெண்ணெய் நாற்றம் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் படியில் நின்று போகிற மனிதரின் தலை ஆரணி வரை கலையாமல் போனது. தையல் பெண் இப்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வதில்லை. நேராகவே பார்த்தாள்.

பெரியத்தைக்கு அடுப்பு வாசனை தெரியாமல் இருக்குமா? ஒருநாள் வந்தவள் வாணலியில் மெழுகு உருகுவதைப் பார்த்தாள். அம்மா சமாளிக்கத் தெரியாதவள், கொழுந்தனாருக்கு என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெரியத்தை வாசலில் போய் நின்றுகொண்டு, தெரு கேட்கிற மாதிரி, "புருஷன் தலைக்கு எண்ணெ வெக்க நேரமில்ல, கொழுந்தன் தலைக்கு மெழுகு காய்ச்சறா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே குழாயடியில் பெண்கள் அம்மாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் குடத்தோடு கூட நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். அப்பா, "இனிமே அந்த வேல வாணாம்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

ஒரு பெண் தன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தலைக்கு ஒரு மெழுகு காய்ச்சிக் கொடுத்தது குற்றம். சோறு போடலாம், துணி துவைக்கலாம், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கலாம். தலை நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கக் கூடாது. இதை எந்தக் கோர்ட்டில் எழுதி வைத்திருந்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தை பிறந்ததும் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. அந்தத் தையல் பெண்ணின் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள்தான் தன் அம்மாவிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கிணற்றுத் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா கழனிக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகு உருக்கினாள். நான் காவல். "பொண்ணு பாக்கப் போற எடத்துல வெளக்கெண்ண நாத்தம் அடிச்சா நல்லாவா இருக்கும்" என்று சொல்லி, சாமி மாடத்தில் இருந்த சிறிய சந்தனக் கட்டையைக் கல்லில் அரைத்தாள். அரைத்ததை நிழலில் உலர்த்தித் தூளாக்கி எண்ணெயில் போட்டாள். வடிகட்டி டப்பாவில் ஊற்றினாள். வீடே கோயில் மாதிரி மணத்தது. வாசனை போகட்டும் என்று அப்புறம் வேப்பிலைப் புகை போட்டோம். அம்மாவும் சித்தப்பாவும் நானும் தவிர யாருக்கும் தெரியாது.

இனிமேல்தான் கேட்க வேண்டும். நம் மலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாமல் போகலாம். அந்த நாளில் ஜவ்வாது மலையில் சந்தன மரம் வெட்டிக் கடத்துகிறவர்கள் கட்டையைத் தலைச்சுமையாகத்தான் இறக்குவார்கள். சும்மாட்டுத் துணியைத் தாண்டி அந்த வாசனை முடியில் ஏறிவிடும், குளித்தாலும் போகாது என்பார்கள். ஃபாரஸ்ட் ஆட்கள் சந்தேகப்பட்டவனைப் பிடித்தால் முதலில் தலையைத்தான் மோந்து பார்ப்பார்கள். அடிவாரத்து ஊர்களில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மா பிறந்தது சேத்துப்பட்டுப் பக்கம், மலையை விட்டுத் தூரம். சந்தனம் என்றால் அவளுக்கு நெற்றியும் சாமியும்தான். சித்தப்பா சந்தோஷத்தில் யோசிக்கவே இல்லை, எனக்கும் உறைக்கவில்லை. அவர் நெற்றியிலும் சந்தனம் இருந்ததால் அப்பாவுக்கும் சந்தேகம் வரவில்லை.

பெண் வீட்டுக் கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். சித்தப்பா நடுவில், நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. அம்மாவையும் பெரியத்தையையும் உள்ளே பெண்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். பெண் வந்து காப்பி கொடுத்தாள். பச்சைப் புடவை. சித்தப்பா தலையை ஒருமுறை பார்த்தாள், டம்ளர் தட்டில் லேசாக ஆடியது. எல்லாம் கூடி வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பெண்ணின் தாய்மாமன் வாச்சர். ஃபாரஸ்டில் காவல் வேலை. அவர் சித்தப்பாவின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, விருந்தாளி என்று பாராமல், சபை என்று பாராமல், குனிந்து சித்தப்பாவின் உச்சந்தலையை மோந்து பார்த்தார். நாய் மோந்து பார்க்கிற மாதிரி.

"இன்னா வாசன இது?"

"கிரீமுங்க" என்றார் சித்தப்பா.

"எந்தக் கடையில?"

பதிலுக்குக் காத்திராமல் தாய்மாமன் விரலை முடிக்குள் விட்டுத் தேய்த்து எடுத்து, அந்த விரலை எல்லோருக்கும் காட்டினார். "மலையில இந்த வாசனய மோந்தே வயசானவன் நானு. கட்ட தூக்கறவன் தலையிலதான் இது நிக்கும். பஸ்ஸுல கண்டக்டரு, ஆரணி வரைக்கும் ரூட்டு. இதுக்கு மேல இன்னா சொல்லணும்?"

நான் வாயைத் திறந்தேன். எங்கம்மா என்று ஆரம்பித்தேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவு பலமாக அவர் என்னைத் தொட்டதே இல்லை. அவர் கண் உள்ளறை நிலைப்படிக்குப் போனது. அங்கே அம்மா நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் பெரியத்தை. அம்மாவின் வாய் அசைவதையும் சித்தப்பா தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்று சொன்னதையும் நான் பார்த்தேன்.

"சாமி சந்தனமுங்க. நெத்தியில வெச்சது" என்றார்.

"நெத்தியில வெச்சது உச்சிக்கு எப்படி ஏறும்?" என்று யாரோ சிரித்தார்கள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து கையைக் கூப்பினார். "பெரியவங்க மன்னிக்கணும்" என்றார். தப்பு செய்யாத பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்டால் அது தப்பை ஒப்புக்கொண்ட மாதிரிதானே? எங்கள் காப்பி டம்ளரெல்லாம் அப்படியே நிறைந்திருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவின் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனேன். "அப்பா, சித்தப்பா கட்ட தூக்கல. அம்மாதான் சாமி சந்தனத்த அரச்சி மெழுகுல போட்டாங்க. நான் பாத்தேன்" என்றேன். அப்பா அறைந்தார். காது கொய்யென்றது. "இன்னொரு வாய் இதச் சொன்னன்னா நாக்க அறுத்துடுவேன்" என்றார்.

வெகு காலம் வரைக்கும் அப்பா என்னை நம்பவில்லை, அதனால் அடித்தார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. பாகம் பிரிக்கிறபோது, யாரும் கேட்காமலே, தண்ணீர் வற்றாத கிணற்றுப் பக்க நிலத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டு மேட்டு நிலத்தை அவர் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னை நம்பினார். நம்பினதால்தான் அடித்தார். உண்மை வெளியே வந்தால் தம்பி தப்பித்துவிடுவான், பெண்டாட்டி பெயர் குழாயடியில் புரளும். இரண்டில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். சாகிற வரைக்கும் தம்பியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிலம் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது, அவர் இல்லை.

மறுநாள் காலை அடுப்பங்கரையில் அம்மா சித்தப்பாவிடம், "நான் அந்த வூட்டுக்குப் போய் சொல்லிட்டு வந்துடறேன். எவ இன்னா பேசினா பேசிக்கட்டும்" என்றாள்.

"வாணாம் அண்ணி. எனக்கு வேற பொண்ணு கெடைக்கும். நீங்க இந்தத் தெருவுலதான தண்ணி புடிக்கப் போவணும்."

"உனக்கு அந்தப் பொண்ணுதான வேணும்."

"நீங்க போனீங்கன்னா நான் ஊர வுட்டே போய்டுவேன்" என்று மட்டும் சித்தப்பா சொன்னார். அம்மா போகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் முதலாளி காதுக்குப் போனது. தன் வண்டியில் கட்டை ஏறுகிறது என்று பெயர் வந்தால் பெர்மிட்டுக்கே ஆபத்து என்று சித்தப்பாவின் டிக்கெட் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஃபாரஸ்ட் ஆட்கள் எங்கள் வைக்கோல் போரைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சிராய் கூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையே, ஆள் கெட்டிக்காரன் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா வெறுத்துப்போய்ப் படவேடு கோயிலில் முடியிறக்கிவிட்டு வந்தார். பாவத்தைக் கழுவுகிறான் என்றார்கள் பாதிப் பேர், வாசனையை மறைக்கத்தான் மொட்டை என்றார்கள் மீதிப் பேர். முடி இருந்தாலும் திருடன், இல்லாவிட்டாலும் திருடன். அந்த மனிதர் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று உங்களில் யாராவது சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணைப் போளூர்ப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முடியை வளரவிடவும் இல்லை. மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் இருந்த கறுப்புச் சீப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவும் அவரும் அதன் பிறகு நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. சாப்பாடு வைத்தால் "சித்தப்பாவக் கூப்புடு" என்று என்னிடம் சொல்வாள், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட.

பல்பொடி டப்பாவை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், வெயிலில் காய வைத்தாள். வாசனை போகவில்லை. கடைசியில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்துக்கொண்டாள். என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற போதெல்லாம் லேசாகச் சந்தனம் மணக்கும். நான் கல்யாணமாகிப் போன பிறகு அந்த டப்பா எப்படியோ தொலைந்துவிட்டது. அம்மாவும் போய்விட்டாள்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். கலசப்பாக்கத்தில் மண்டபம். மாப்பிள்ளை அறையில் போட்டோக்காரன் அழைத்து வந்த அலங்காரப் பையன் என் மகன் தலையில் அந்த மெழுகை அள்ளி அப்பியிருந்தான். முடி தலையோடு ஒட்டிக்கொண்டு, நனைந்த பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான் பிள்ளை. சுற்றி நின்றவர்கள், "சந்தனம் மணக்குது, மாப்பிள்ள ராஜா மாதிரி கீறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னவர்களில் முதல் ஆள் பெரியத்தையின் மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பா. ஒட்ட வெட்டின வெள்ளை முடி, தோளில் துண்டு. அவரை யாரும் கவனிக்கவில்லை. அவருக்கும் அது பழகிவிட்டது. நான் டப்பாவை எடுத்துப் போய்த் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் முகத்தை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல வெளக்கெண்ண பத்தல" என்றார். "அண்ணி இன்னும் ஒரு கை ஊத்துவாங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த மெழுகைப் பற்றிப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. பெரியத்தையின் மகள் திரும்பி, "எந்த அண்ணி, இன்னா மாமா ஊத்துவாங்க?" என்று கேட்டாள். சித்தப்பா சட்டென்று பழையபடி வாயை மூடிக்கொண்டார். என் மணிக்கட்டைத் தேடி அவர் கை வந்தது. அந்தக் கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மாதான்" என்றேன், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "பொண்ணு பாக்கப் போறதுக்கு எங்கம்மா சாமி சந்தனத்த அரச்சிப் போட்டு இவருக்கு மெழுகு காய்ச்சிக் குடுத்தாங்க. இவரு எந்தக் கட்டையையும் தூக்கல. போயி எல்லார்கிட்டயும் சொல்லு. உங்கம்மா கெளப்பின பேச்சுக்கு பயந்துதான் இவரு இத்தன வருஷமா வாயத் தொறக்கல."

பெரியத்தையின் மகள் மேல் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லைதான். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யாரிடம்தான் சொல்வது?

சித்தப்பா மெதுவாக எழுந்து என் மகன் பக்கத்தில் போனார். "ஒரு சீப்பு குடுப்பா" என்றார் அலங்காரப் பையனிடம். துண்டால் அதிகப்படி மெழுகையெல்லாம் ஒற்றி எடுத்தார். இடப்பக்கம் வகிடு எடுத்தார், கோணிப்போனது, கலைத்துவிட்டு மறுபடி எடுத்தார். காதுக்கு மேலே படிய வாரினார். முன் முடியைச் சீப்பால் தூக்கி உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தபடி நின்றார். என் மகன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான்.

கதவைத் தட்டினார்கள். ஐயர் கூப்பிடுகிறார், முகூர்த்தம் நெருங்குகிறது, மாப்பிள்ளையை அனுப்புங்கள் என்று சத்தம். நான் போய்க் கதவைப் பாதி திறந்து, குறுக்கே நின்றுகொண்டேன்.

"எங்க சித்தப்பா தல சீவினு இருக்காரு. முடிச்சிட்டு வருவாரு" என்றேன். "ஐயர இருக்கச் சொல்லு."